முப்பத்தெட்டாம் செடி

முப்பத்தாறு இருந்தது. முப்பத்தேழு இருந்தது. அடுத்துக் கைக்கு வந்தது முப்பத்தொன்பது.

பைண்டரம்மா விரலை நாக்கில் தொடப்போனாள். இருநூறு வருஷத்துத் தாளைத் தொடுகிற விரல் என்று நினைவு வந்ததும் ஏப்ரனில் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினாள். முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தொன்பது. மூன்றாம் தடவை சத்தமாக எண்ணினாள், அதட்டினால் எங்கிருந்தாவது பயந்து ஓடிவந்துவிடும் என்பதுபோல. முப்பத்தெட்டு வரவில்லை.

மணி காலை பத்து. மருத்துவக் கல்லூரி நூலகத்துக் கமிட்டி, தைத்துக் கட்டுவதற்கு முன் அந்தப் புத்தகத்தைப் பார்வையிடக் கூடுவது மூன்று மணிக்கு.

புத்தகம் என்றால் சாதாரணப் புத்தகமில்லை. மூலிகைப் படநூல், ஆறு பாகம். ஒரு தாளுக்கு ஒரு செடி. முன்பக்கம் முழுக்கப் படம். பின்பக்கத்தில் அந்தச் செடி எந்த நோய்க்கு, வேரா இலையா, இடிப்பதா காய்ச்சுவதா என்ற விவரம். செப்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்த கோடுகளின்மேல் மனிதக் கையால் வண்ணம் தீட்டியிருந்தார்கள். வரைந்தவர்களுக்கு அவசரமே இல்லை போலிருக்கிறது. ஒரே கிளையில் மொட்டு, பூ, காய், வெடித்த விதை நான்கும் இருக்கும். எந்தச் செடியும் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. ஆனால் பார்க்கிறவனுக்கு எல்லாம் தெரிய வேண்டுமே! வேர்கள் மண்ணை உதறிவிட்டுக் கால் நீட்டிப் படுத்திருக்கும். தீட்டியவருக்கு உற்சாகம் மிஞ்சிப்போன இடங்களில், யாரும் கேட்காமலே, ஒரு புழு, ஒரு வண்டு.

முதல் பாகத்தை மட்டும் சோதனைக்காக அவளிடம் கொடுத்திருந்தார்கள். கட்டுக் குலைந்து, முதுகு உரிந்து, தாள் தாளாகக் கழன்றிருந்த புத்தகம். இதை ஒழுங்காகக் கட்டிக் கொடுத்தால் மற்ற ஐந்து பாகங்களும் அவளுக்கு. சொதப்பினால் ஐந்தும் வேறு கைக்குப் போய்விடும். அவள் பழையபடி வக்கீல் ஆபீஸ் கோப்புகளுக்கு அட்டை போடலாம். இதை அவள் தெருவில் ஒருத்தர் விடாமல் சொல்லியிருந்தாள். பக்கத்து டெய்லர் வந்து ஊதாப்பூ ஒன்றைப் பார்த்துவிட்டு அதே டிசைனில் எம்பிராய்டரி போட்டு விற்கவும் ஆரம்பித்துவிட்டார். "அஞ்சு பாகம் இன்னும் இருக்கு! மொத்தம் அறுநூறு செடி!" என்று பால் வாங்கப் போன இடத்தில்கூட அவள் சொன்னதாகக் கேள்வி. பால்காரர் நாலு நாளாகக் கடையை மாற்றிப்போட யோசிக்கிறார்.

இவ்வளவு பேசியவள் ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு போட்ட கையெழுத்து. "தொண்ணூற்றாறு தாள்களையும் எண்ணிச் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்" என்ற சீட்டில், மையைக் கொட்டாத குறையாக, கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள். எண்ணினாளா? எண்ணத்தான் உட்கார்ந்தாள். நாலாவது தாளில் ஒரு கிழங்கு, குண்டாக, மீசை முளைத்த மாதிரி வேர்களோடு, அவளைப் பார்த்துச் சிரித்தது. அங்கே போன மனசுதான். எண் போன இடம் தெரியவில்லை. பைண்டர் தொழிலில் முதல் பாடம் எண்ணுவது; பசை காய்ச்சுவதெல்லாம் அப்புறம். பதினெட்டு வருஷமாக ஒரு தடவைகூட எண்ணாமல் கையெழுத்துப் போடாதவள், படம் பார்த்து ஏமாந்துபோனாள்.

அடுத்த இரண்டு மணி நேரம் அவள் பட்டறையான அந்த முன்னறையில் நடந்ததைப் பார்த்திருந்தால் திருடன்கூட ஒழுங்காகத் தேடுகிறவன் என்று தோன்றியிருக்கும். பிரஸ்ஸின் இரும்புப் பலகையைத் தூக்கினாள். அழுத்தி வைத்திருந்த ஒவ்வொரு தாளுக்கும் நடுவே போட்டிருந்த மெல்லிய வெள்ளைக் காகிதங்களை ஒன்றொன்றாக உதறினாள். பால்வெள்ளையாக எல்லாம் பறந்து விழுந்தனவே தவிர, செடி விழவில்லை. பசைச்சட்டிக்கு அடியில், தோல் சுருளுக்குள், குப்பைக்கூடையில், பாத்ரூம் தொட்டிக்குப் பின்னால்கூடப் பார்த்தாள். அங்கே எப்படிப் போகும் என்று கேட்கக் கூடாது. தொலைத்தவர்கள் அப்படித்தான் தேடுவார்கள்.

கடைசியில் பொருளடக்கத்தைப் புரட்டினாள். என்ன செடிதான் அது? முப்பத்தெட்டாம் எண்ணுக்கு நேரே, பெயருக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: தலையில் உதிர்ந்த முடியைத் திரும்ப வளர்க்க.

பைண்டரம்மா மெதுவாக நிமிர்ந்து பக்கச் சுவரில் இருந்த கதவைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் புருஷனின் மூக்குக்கண்ணாடிக் கடை. அவர் தலையும் கடைக் கண்ணாடிகளும் ஒரே மாதிரி பளபளக்கும் என்பது தெருவில் பழைய பேச்சு.

"என்னங்க! கொஞ்சம் இங்க வாங்க!"

"கஸ்டமர் இருக்காங்க."

"இருக்கட்டும். வாங்க!"

வந்தார். கழுத்தில் துடைக்கிற துணி, கையில் உருப்பெருக்கும் லென்ஸ்.

"உண்மையைச் சொல்லுங்க. இதுலேருந்து ஒரு தாளை எடுத்தீங்களா?"

"நான் எதுக்கு எடுக்கறேன்?"

"முப்பத்தெட்டு. முடி வளர்ற செடி."

அவர் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு புண்பட்ட குரலில் சொன்னார்: "எடுத்திருந்தா தெரிஞ்சிருக்காதா? இந்தா, பாரு, ஒண்ணாவது முளைச்சிருக்கா?"

வாதம் பலமாக இருந்தது. அவள் சேரில் சரிந்து உட்கார்ந்து அழுகையை ஆரம்பித்தாள். அவர் பதறி, லென்ஸை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். "பழைய கட்டுல வெட்டின அடையாளம் ஏதாவது இருக்குமே, பார்த்தியா?" என்றார், உதவுகிற நினைப்பில்.

"பழைய பைண்டர் ஓரத்தை எல்லாம் அந்தக் காலத்துலயே வெட்டி விட்டுட்டு ஒட்டுமொத்தமா தச்சிருக்கான். ஒரு தாள் போனாலும் வந்தாலும் ஒண்ணும் தெரியாது" என்று மூக்கை உறிஞ்சினாள். "நான் எண்ணியிருக்கணும். அவ்வளவுதான். நான் எண்ணல."

அவர் கஸ்டமரிடம் போய்விட்டார். லென்ஸ் மேசையிலேயே கிடந்தது, முப்பத்தேழாம் தாளின் பின்பக்கத்தின்மேல். ஜன்னல் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தில் எழுத்துகளுக்குக் குறுக்கே பழுப்பாக ஒரு கறை இருந்தது. முந்தாநாளே பார்த்த கறைதான். யாரோ டீ சிந்தியிருக்கிறார்கள் என்று நினைத்து, நேரம் கிடைத்தால் தண்ணீரில் அலசிப் போக்கிவிடலாம் என்றுகூட வைத்திருந்தாள். இப்போது லென்ஸுக்குள் அந்தக் கறைக்கு ஒரு விளிம்பு தெரிந்தது. விளிம்பில் பல். பல்லுக்குப் பக்கத்தில் முள்.

டீக்கு முள் இருக்குமா?

அழுகை நின்றது. லென்ஸை நகர்த்தினாள். காம்பு. கிளை. கிளை பிரிகிற இடத்தில் இரண்டு இலை. கறை இல்லை, செடி! பழுப்பில் ஒரு பேய்ச்செடி, எழுத்துகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

முப்பத்தொன்பதாம் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். முள்செடி. அதன் பச்சை இலை இடப்பக்கம் சாய்ந்தால் பேய்ச்செடி வலப்பக்கம் சாய்ந்தது. இதில் மேலே ஒற்றை முள், அதிலும் ஒற்றை முள், கண்ணாடியில் பார்த்த மாதிரி மாற்றி. இரண்டையும் புத்தகத்தில் இருக்கிற வாக்கிலேயே முகத்தோடு முகம் சேர்த்து ஜன்னலில் தூக்கிப் பிடித்தாள். இலைமேல் இலை, முள்மேல் முள் போய் உட்கார்ந்தது.

"என்னங்க!"

இந்தத் தடவை கஸ்டமரும் சேர்ந்து ஓடிவந்தார்.

"அந்தக் காலத்துப் பச்சை செப்புக் களிம்புல அரைச்சதுங்க! அது சும்மா இருக்காது, எதிர்ல இருக்கற தாளைக் கொஞ்சம் கொஞ்சமா சுட்டுக்கிட்டே இருக்கும். நூறு வருஷம், நூத்தம்பது வருஷம் ஆகும் இப்படிப் பழுக்க! ஒவ்வொரு படத்தோட நிழலும் அதுக்கு முந்தின தாளோட முதுகுல விழுந்திருக்கு, பாருங்க!" அவள் தாள்களைச் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பினாள். இருபதின் நிழல் பத்தொன்பதின் முதுகில். இருபத்தொன்றின் நிழல் இருபதின் முதுகில். "முப்பத்தெட்டு நடுவுல இருந்திருந்தா, முப்பத்தேழு முதுகுல அதோட நிழல்தான விழுந்திருக்கணும்? ஆனா முப்பத்தொன்பதோட நிழல் விழுந்திருக்கு! ரெண்டும் ஒண்ணையொண்ணு பார்த்துக்கிட்டே நூறு வருஷம் கிடந்திருக்குதுங்க. முப்பத்தெட்டு நம்ம தாத்தா பொறக்கறதுக்கு முன்னாடியே போயாச்சு! நான் தொலைக்கல! நான் தொலைக்கவே இல்ல!"

கஸ்டமருக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. இருந்தாலும் கை தட்டினார்.

இந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில்தான் மந்திரி உள்ளே வந்தாள். கண்ணாடிக்கடைக்காரரின் தங்கை. ஆறு வயதிலேயே வீட்டில் எல்லாருக்கும் உத்தரவு போட்டதால் வந்த பெயர். இப்போது அதே நூலகத்தில் உதவியாளர். அண்ணிக்கு இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், புத்தகம் தயாரா என்று பார்க்க வந்திருந்தாள்.

பைண்டரம்மா அவளைப் பிடித்து இழுத்து மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனாரின் முகம் மலரும் என்று எதிர்பார்த்தாள். அது கோணிக்கொண்டு போயிற்று.

"நூறு வருஷமா இல்லையா?"

"நூறுக்குக் குறையாது!"

"அண்ணி, அப்படிச் சொல்லாதீங்க. என்னைக் கொன்னுடுவாங்க."

விஷயம் இதுதான். நூலகத்தில் வருஷாவருஷம் அரிய புத்தகங்களைத் தாள் தாளாக எண்ணிப் பதிவேட்டில் எழுத வேண்டும். எண்ணுவது மந்திரி. கையெழுத்துப் போடுவது கண்காணிப்பாளர். பதினோரு வருஷமாக, "முதல் பாகம், தொண்ணூற்றாறு தாள், சரி" என்று மணிமணியாக எழுதி நீட்டியிருக்கிறாள். அவரும் பேனா மூடியைக் கழற்றாத குறையாகப் போட்டுத் தந்திருக்கிறார்.

"எண்ணாமலேயா எழுதின?"

"நீங்க மட்டும் எண்ணிட்டுத்தான் கையெழுத்துப் போட்டீங்களோ?"

பைண்டரம்மா பரப்பிய தாள்களைத் திரும்ப வரிசையாக அடுக்க ஆரம்பித்தாள்.

"அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இங்கதான் எங்கயோ தவறிப்போச்சுன்னு சொல்லிடுங்க. ஒரு திட்டு திட்டுவாங்க, அதோட விட்டுடுவாங்க. எனக்கு வேலையே போயிடும்."

"எனக்கு அஞ்சு பாகமும் போயிடுமே!"

"அஞ்சு பாகம் பெருசா, நான் பெருசா?"

கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு பேரையும் பார்த்தார். பொண்டாட்டி பக்கம் ஒரு அடி, தங்கை பக்கம் ஒரு அடி வைத்துவிட்டு, கஸ்டமருக்கு ஃபிரேம் காட்ட வேண்டும் என்று கடைக்குள் நழுவினார். புத்திசாலி.

"இதை ஒரு தடவை லென்ஸ்ல பாரேன்" என்றாள் பைண்டரம்மா.

"நான் பார்க்க மாட்டேன்" என்று மந்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டரை மணிக்கு இரண்டு பேரும் கிளம்பினார்கள். தாள்கள் இருந்த பெட்டியைச் செல்லப்பிள்ளையைப் போல நடுவில் வைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தெருமுனைவரை டெய்லர் பின்னாலேயே வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். பைண்டரம்மா பதில் சொல்லாமல் போன முதல் நாள் அது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கமிட்டி அறையில் நீள மேசை. அதன் தலைப்பக்கம் கமிட்டித் தலைவி, ஓய்வு பெற்ற டாக்டரம்மா. எண்பது வயது, எதைப் பார்த்தாலும் நாடி பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் தொட்டுப் பார்ப்பார். பக்கத்தில் கண்காணிப்பாளர், காதோர முடியை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பாலம் போட்டுப் படிய வாரியிருந்தார். மந்திரி தாள்களை வரிசையாகப் பரப்பினாள்.

"அழகா சுத்தம் பண்ணியிருக்கீங்க" என்று டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். விரல் முப்பத்தேழில் நின்றது. "அடுத்தது எங்க?"

மந்திரி மேசையின் மறுபக்கம் நகர்ந்தாள்.

"இவங்கதான் எண்ணி வாங்கினாங்க" என்று கண்காணிப்பாளர் சீட்டை எடுத்து நீட்டினார். கொட்டை எழுத்துக் கையெழுத்து தூரத்திலிருந்தே தெரிந்தது. "தொலைச்சது யாருன்னு தனியா சொல்ல வேண்டியதில்லை. மீதி அஞ்சு பாகத்தையும் நல்ல இடமாப் பார்த்துக் குடுத்துடலாம்."

பைண்டரம்மா வாயைத் திறந்தாள். மேசையின் மறுபக்கம் நாத்தனார் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவளுக்குத்தான் கல்யாணமாகி வந்த புதிதில் பைண்டரம்மா சோறு ஊட்டினாள். ஊட்டும்போதே உத்தரவு போட்ட வாய் அது. திறந்த வாயைப் பைண்டரம்மா மூடினாள். மறுபடி திறந்தாள். "அது வந்து..." என்றாள்.

"சொல்லுங்கம்மா" என்றார் டாக்டரம்மா.

தாங்க முடியாமல் மந்திரி தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த தலைக்கு நேர் கீழே, தாள்களோடு வந்துவிட்ட அண்ணனின் லென்ஸ் கிடந்தது. அதற்கு அடியில் முப்பத்தேழின் முதுகு. பார்க்க மாட்டேன் என்றவள்தான். கண் தானாக உள்ளே போய்விட்டது. போன கண் திரும்பவில்லை. லென்ஸைத் தள்ளினாள். இன்னும் குனிந்தாள். மூக்கு தாளில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள்.

"ஐயோ அண்ணி! வண்டுகூட இருக்கு!"

எல்லாரும் திரும்பினார்கள்.

"இங்க பாருங்க, முப்பத்தொன்பதுல மூணாவது இலைக்கு அடியில பச்சை வண்டு ஒண்ணு உட்கார்ந்திருக்கில்ல? அதோட நிழலும் விழுந்திருக்கு! ஆறு காலும் தெரியுது! அண்ணி, மீசை! மீசை தெரியுது!"

"வண்டா?" பைண்டரம்மா மேசையைச் சுற்றி ஓடினாள். "எங்க? நான் வண்டைப் பார்க்கலையே!"

இரண்டு தலையும் லென்ஸுக்கு மேல் முட்டிக்கொண்டன. பிறகு இரண்டு வாயும் ஒன்றாகத் திறந்தன. செப்புக் களிம்பு, பச்சை, எதிர்த்தாள், நூறு வருஷம் என்று ஒருத்தி ஆரம்பித்ததை இன்னொருத்தி முடிக்க, டாக்டரம்மாவே நாற்காலியைவிட்டு எழுந்து வந்து லென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்.

கண்காணிப்பாளருக்கு ஆபத்து புரிந்தது. பாலத்தை ஒருதரம் தடவிக்கொண்டு சொன்னார்: "இதென்ன பிரமாதம்? ஒரு மாசமா பிரஸ்ல போட்டு நசுக்கியிருக்காங்க. அந்த அழுத்தத்துல ஒட்டியிருக்கும்."

"சார், பிரஸ்ல வெறும் தாளா வைப்பேனா?" பைண்டரம்மா பெட்டிக்கு அடியிலிருந்து மெல்லிய வெள்ளைக் காகிதங்களைக் கொத்தாக அள்ளினாள். "நடுவுல இதைப் போட்டுத்தான் வெச்சேன். ஒரு மாசமும் பச்சையோட ஒட்டிக்கிட்டுக் கிடந்தது இதுதான். ஒரு பொட்டு இருக்கா, காட்டுங்க!"

டாக்டரம்மா ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். பால்வெள்ளை. அடுத்தது, பால்வெள்ளை. முழுக் கொத்தையும் கண்காணிப்பாளர் முன்னால் வைத்துவிட்டு, "இவங்க தொலைக்கல" என்றார். "சரி. அப்படின்னா வருஷாவருஷம் இதை எண்ணினது யாரு?"

கண்காணிப்பாளர் மந்திரியைப் பார்த்தார். அவர் பார்த்து முடிப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் டாக்டரம்மா. எண்ணத்தான் உட்காருவேன். நாலாவது தாள் வந்ததும் ஒரு கிழங்கு..."

"மீசையோட" என்றாள் பைண்டரம்மா.

"ஆமா, மீசையோட. அதைப் பார்த்துக்கிட்டே இருந்துட்டு, தொண்ணூத்தாறுன்னு எழுதிடுவேன். பதினோரு வருஷம். தப்புதான். என்ன பண்ணணுமோ பண்ணுங்க. ஆனா இந்த வண்டு நெஜம்!"

"பதிவேட்டைக் கொண்டா."

கொண்டுவந்தாள். டாக்டரம்மா விரலால் தொட்டுத் தொட்டுப் பின்னால் போனார். பதினோரு வருஷம் தாண்டியும் அதே "தொண்ணூற்றாறு, சரி". எழுத்துகள் மாறின, மையின் நிறம் மாறியது, எண்ணிக்கை மாறவில்லை. கண்காணிப்பாளரின் கையெழுத்து மட்டும் இருபத்திரண்டு. அதற்கு முந்தியவரும் அப்படியே. கிழங்குக்கு மயங்காதவர் ஒருத்தர்கூட அந்தக் கட்டடத்தில் வேலைக்கு வரவில்லை போலிருக்கிறது. டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்தார். எண்பது வயதுச் சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது.

"வேலையை விட்டு அனுப்பணும்னா உன் ஒருத்தியை அனுப்பி என்ன பிரயோஜனம்? பக்கத்துல இருக்கறவரையும் சேர்த்தில்ல அனுப்பணும்!"

கண்காணிப்பாளர் தன் பேனாவை ஆராயத் தொடங்கினார்.

டாக்டரம்மா பதிவேட்டில் தானே எழுதினார்: முப்பத்தெட்டாம் தாள் நெடுநாளாக இல்லை, சான்று, முப்பத்தேழின் பின்பக்கம். எழுதிவிட்டு மந்திரியைப் பார்த்தார். படமுள்ள புத்தகம் ஒன்று விடாமல், நாளையிலிருந்து, எல்லா நிழலையும் பார்த்துக் குறித்து ஒரு பட்டியல் வேண்டும் என்றார். தண்டனையைப் போலத்தான் சொன்னார். மந்திரியின் முகத்தில் அது தண்டனையாகத் தெரியவில்லை.

"டாக்டரம்மா, மத்த அஞ்சு பாகம்..." என்று பைண்டரம்மா இழுத்தாள்.

"ரெண்டாவதை இப்பவே எடுத்துட்டுப் போங்க. இங்கேயே, என் எதிர்லயே எண்ணிட்டு."

எண்ணினார்கள். மூன்று பேர், ஒன்றரை மணி நேரம். நூற்றிரண்டு தாள், ஒன்றும் குறையவில்லை. எழுபதாம் தாளில் கொடி ஒன்று தாளின் விளிம்பைத் தாண்டி அடுத்த தாளுக்குள் போவதைப் பார்த்து டாக்டரம்மாவே போட்ட சத்தத்தில் காவலாளி எட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர் அட்டையில் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். கதவு படாரென்று திறந்தது. பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி பொண்டாட்டியும் தங்கையும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையப் பார்த்து நிலையில் சிக்கிக்கொண்டார்கள்.

"என்னங்க, ரெண்டாம் பாகம்..."

"அண்ணே, வண்டுண்ணே! நான்தான் கண்டுபிடிச்சேன்..."

"நிழலை நான் கண்டுபிடிச்சேன், வண்டு மட்டும்தான் இவ..."

"வண்டு இல்லாம நீங்க வாயே திறக்கலையே அண்ணி!"

"ஒருத்தர் ஒருத்தராச் சொல்லுங்க" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். யாரும் கேட்கவில்லை. கண்ணைப் பொத்திய கையை எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல், பெரியவர் திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.